கையெழுத்துக்கு மேலே விட்ட இடம்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கக் கூட்டம் நடந்தது. மாடம்பாக்கத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு நான் அந்தக் கூட்டத்துக்குப் போனது மூன்றாவதோ நான்காவதோ தடவை. தண்ணீர் லாரி, லிஃப்ட், தெருநாய் என்று வழக்கமான சண்டைகள் தொடங்குவதற்கு முன்பே சங்கச் செயலாளர் ஒரு நீள நோட்டை என் மடியில் வைத்தார். பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. கீழ்ப்பாதியில் ஐந்தாறு கையெழுத்துகள். "இங்க ஒரு சைன் போட்ருங்க சார். தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கலாம், இல்லைன்னா எல்லாரும் கிளம்பிடுவாங்க" என்றார்.

பேனாவைத் திறந்து பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். "என்ன சார், சொத்தையா எழுதிக் கேக்கறோம்?" என்று பக்கத்து பிளாட்காரர் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு தலை சுற்றுகிறது என்று ஒரு பொய் சொல்லிவிட்டு மாடியேறி வந்துவிட்டேன். பொய் எனக்குப் புதிதில்லை என்பது இந்தக் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்த ஒரே ஆள் நீங்கள்தான், நீங்கள் போன வருடம் போய்விட்டீர்கள்.

அந்த நோட்டைப் பார்த்ததிலிருந்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் நேரில் சொல்ல எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டு இப்போது காகிதத்தைத் தேடுகிறவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊராட்சியில் என் பதவிக்குச் செயலர் என்று பெயர். ஊரில் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் கிளார்க்கு, உங்களுக்கு மட்டும் கிளார்க்கு தம்பி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் நீங்கள். ஏரிக்குக் கீழே அறுபது சென்ட் நிலத்தில் கீரை போட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் சிறுசேரியில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அவர் சம்பளத்துக்குக் காத்திருக்கிற ஆள் இல்லை நீங்கள். விடிவதற்குள் சிறுகீரையும் அரைக்கீரையும் கட்டி, முதல் பஸ்ஸில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், நான் ஆபீஸ் பூட்டைத் திறக்கும்போது வெறுங்கூடையோடு திரும்பி வந்துகொண்டிருப்பீர்கள்.

வேளாண்மை ஆபீசிலிருந்து மானியத்தில் ஏதாவது வந்தால் நான்தான் உங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவேன். ஒரு வருடம் தார்ப்பாய் வந்தது, ஒரு வருடம் மருந்து தெளிக்கிற டப்பா வந்தது. தார்ப்பாயை வாங்கி மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "மழைக்குப் போத்திக்கத் தார்ப்பாய் குடுக்கறீங்கோ, வெயிலுக்குத் தண்ணி குடுக்க மாட்டேன்றீங்கோ. உங்க கவர்மெண்டு கணக்கே தனி தம்பி" என்றீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தப் பேச்சை எங்கேயாவது எழுதி மேலே அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எழுதுவது என்றால் எங்களுக்குத் தீர்மானப் புத்தகம்தான். வருடத்தில் சில தடவை கிராம சபை கூடும். சமுதாயக் கூடத்தின் வாசலில் பந்தல் கட்டி நாற்காலி போடுவோம். பாதிப் பேர் வருவது டீக்கும் வடைக்கும். தட்டு காலியானால் பந்தலும் காலி. வந்தவர்கள் எண்ணிக்கை குறைந்தால் கூட்டமே செல்லாது என்பதால் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே புத்தகத்தில் இரண்டு பக்கத்தை வெறுமையாக விட்டு, மூன்றாம் பக்கத்திலிருந்து கையெழுத்து வாங்கிவிடுவோம். என்ன தீர்மானம் என்பதை மறுநாள் சாவகாசமாக உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. தெருவிளக்குப் போட வேண்டும், குப்பை வண்டி வாங்க வேண்டும் என்பதில் ஏமாற்ற என்ன இருக்கிறது? எனக்கு முன்னால் இருந்த கிளார்க்கிடம் நான் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டதே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைத்தான்.

முதல் கையெழுத்து எப்போதும் உங்களுடையது. முன்வரிசையில் ஓரமாக உட்காருவீர்கள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, அவள் சிலேட்டில் நீங்கள் எழுதிப் பழகிய கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திப் போடுவீர்கள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தால், "இருங்கடா. உங்கள மாரி நானும் கிறுக்கிட்டுப் போவணுமா?" என்று அதட்டுவீர்கள். ஏரிக்குக் கீழே பயிர் வைத்திருந்த மற்ற பத்துப் பேரும் புத்தகம் கைக்கு வந்தவுடன் முதல் வரியைத்தான் பார்ப்பார்கள். உங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர் ஏழுமலை வாய்விட்டே கேட்பார்: "அக்கா போட்டாச்சா? அப்போ சரி." உங்கள் பெயர் இருந்தால் மேலே என்ன எழுதப் போகிறார்கள் என்று அவர்கள் கவலைப்பட்டதில்லை.

அந்தக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஏரிக்கரையைச் சுற்றி நடைபாதை, பெஞ்சு, விளக்கு என்று திட்டம் வந்திருந்தது. திட்டம் நல்ல திட்டம்தான், ஏரிக்கு எதிரே வந்திருந்த புது வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஆசையாகக் கேட்டார்கள். இன்ஜினியர் வரைபடத்தைப் பிரித்துக் காட்டினார். கரை நெடுகப் பாதை ஒரே சீராகப் போக வேண்டும் என்றால் நடுவில் இருக்கிற பழைய மதகை கான்கிரீட் போட்டு மூடிவிட வேண்டும் என்று போகிற போக்கில் சொன்னார். அந்த மதகு வழியாகத்தான் உங்கள் பதினோரு பேர் வாய்க்காலுக்கும் தண்ணீர் போகிறது.

நீங்கள் எழுந்தீர்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினீர்கள்.

"சார், ஏரிய அழகு பண்ணுங்கோ, வேணான்னு சொல்லல. நாங்களும் ரெண்டு நடை நடப்போம். மதகு மட்டும் மூடிடாதீங்கோ. அதுல கதவு துருப்பிடிச்சுக் கீது, அத்த மட்டும் மாத்திக் குடுங்க. போரு தண்ணி கோடையில நிக்காது சார். மதக மூடினீங்கன்னா நாங்க பதினோரு பேரும் நிலத்த வித்துட்டுப் போவ வேண்டியதுதான்."

ஊராட்சித் தலைவர் தலையாட்டினார். இன்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டினார். நான் மட்டும் கூட்ட அறிவிப்புத் தாளைத் திருப்பி, நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். மதகுக் கதவு, துரு, பதினோரு பேர். நீங்கள் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்த்தீர்கள். நான் எழுதி முடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டு உட்கார்ந்தீர்கள்.

மறுநாள் காலை தலைவர் ஆபீசுக்கு வந்தார். கோப்பு சாயங்காலத்துக்குள் போக வேண்டும், ஏரிப் பாசனக்காரர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கிராம சபைத் தீர்மானம் இருந்தால்தான் திட்டம் நடக்கும் என்றார். "அந்தம்மா மதகு வேணும்னு சொன்னாங்களே தலைவரே" என்றேன். "சொன்னாங்க. அதான் கையெழுத்தும் போட்டு கீறாங்களே. எழுதுப்பா, ஊருக்கு நல்லது வர்ற நேரத்துல தகராறு பண்ணிக்கினு" என்றார். குரல்கூட உயரவில்லை.

இங்கேதான் நான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என்னை யாரும் மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. முடியாது என்று சொல்லியிருந்தால் தலைவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். எனக்கு அந்த ஒரு வாரத்துச் சங்கடம் பெரிதாகத் தெரிந்தது. உங்கள் அறுபது சென்ட் சிறிதாகத் தெரிந்தது. புத்தகத்தைத் திறந்தேன். "ஏரியின் கீழ் தற்போது பாசனம் ஏதும் நடைபெறவில்லை எனவும், மதகினை நிரந்தரமாக மூடுவதில் நிலத்தார் எவருக்கும் ஆட்சேபணை இல்லை எனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். அன்று ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். முந்தைய நாள் எழுதிய தாளைக் கசக்கி மேசைக்குக் கீழே கூடையில் போட்டேன்.

மதகை மூடினார்கள். நடைபாதை வந்தது, விளக்கு வந்தது, திறப்பு விழாவில் எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். அடுத்த கோடையில் உங்கள் பாத்திகள் வெடித்துவிட்டன. நீங்கள்தான் மற்ற பத்துப் பேரையும் திரட்டி, மாவட்டத் தலைமையிடத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிப் போனீர்கள். பதில் சொல்ல ஊராட்சியிலிருந்து தீர்மானப் புத்தகத்தோடு ஆள் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆள் யார்? நான்தான்.

அந்த ஹாலில் புத்தகத்தோடு ஓரமாக நின்றிருந்தேன். உங்கள் முறை வந்ததும் மேடையிலிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், முழுவதும் பேசவிட்டார். பிறகு என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் படித்தார். தீர்மானத்தை மைக்கில் வாசித்துவிட்டுக் கையெழுத்துகளைப் பார்த்தார். முதல் பெயரையும் வாசித்தார்.

ஏழுமலை உங்கள் பக்கம் திரும்பியது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மற்றவர்களும் திரும்பினார்கள். நீங்கள் மேடைக்குப் போய்ப் புத்தகத்தைக் குனிந்து பார்த்தீர்கள்.

"கையெழுத்து என்துதான் சார். நான் இத்த சொல்லல. கதவ மாத்திக் குடுங்கன்னு சொன்னேன். நான் பேசுனத கிளார்க்கு தம்பி அப்பவே எழுதிக்கினாரு, பாத்தேன். அதோ நிக்கறாரு பாருங்க, அவரையே கேளுங்க."

அதிகாரி என்னைக் கேட்டார். "சொல்லுங்க, கூட்டத்துல என்ன நடந்தது?"

ஒரு வார்த்தை போதும். அந்தம்மா சொன்னதுதான் சார் நிஜம் என்று நான் சொல்லியிருந்தால் தீர்மானம் அங்கேயே செல்லாமல் போயிருக்கும். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், முகத்தில் பயமே இல்லை. சாட்சிக்குச் சரியான ஆள் கிடைத்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. நான் மேசையைப் பார்த்தபடி, "புத்தகத்துல இருக்கறதுதான் சார் நடந்தது" என்றேன்.

திரும்பும்போது எல்லோரும் ஒரே மின்சார ரயிலில் வந்தோம். அந்தப் பத்துப் பேரும் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். நீங்கள் தனியாக ஜன்னல் ஓரத்தில். எதிரே வந்து உட்காரத் தைரியம் இல்லாமல் நான் கதவருகே நின்றிருந்தேன். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டிய பிறகு நீங்களே கூப்பிட்டீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்து வந்தேன்.

"நீ எழுதிக்கினு இருந்தத பாத்துதான் தம்பி அன்னிக்கி நான் உக்காந்தேன்" என்றீர்கள். "இல்லன்னா இன்னும் நாலு தபா சொல்லியிருப்பேன். கத்தியிருப்பேன்."

அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் செய்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று, நாம் இரண்டு பேர் மட்டும் இருந்த அந்த இடத்திலும் கணக்குப் பார்த்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

கிராம சபைக்கு நீங்கள் வருவதை நிறுத்தவில்லை. அதே முன்வரிசை, அதே ஓர நாற்காலி. புத்தகம் வந்தால் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவீர்கள். உங்கள் பக்கத்து நாற்காலிகள் காலியாக இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு இல்லை என்று நடித்தவள், நடைபாதைக்காரர்களிடம் ஏதோ வாங்கிக்கொண்டு மதகைக் கொடுத்தவள் என்று ஊர் பேசியது. தன் மோட்டாரிலிருந்து உங்களுக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஏழுமலை பைப்பைக் கழற்றிவிட்டார். உங்கள் மகள் கல்யாணத்துக்கு அந்தப் பத்து வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. நான் வந்தேன். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீங்களே வந்து எனக்கு இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றினீர்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்த என்னை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஒருவர் பின் ஒருவராக நிலத்தை விற்றார்கள். பிளாட் போட்டுக் கல் நட்டார்கள். கடைசியாக விற்றது நீங்கள். அதற்குப் பிறகு தாம்பரம் மார்க்கெட்டில் மொத்தமாகக் கீரை வாங்கி, தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருந்தீர்கள். அடுத்தவர் விளைத்த கீரை. ஒருமுறை சேலையூர் பக்கம் உங்களைப் பார்த்து, பைக்கை வேறு சந்துக்குள் திருப்பினேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் சாவுக்கு மாலையோடு வந்தேன். வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது என் பக்கத்தில் ஏழுமலை. "ஆயிரம் இருந்தாலும் பழகினவங்க, அதான் வந்தேன். ஒரு கையெழுத்துல எங்க பொழப்பையே சாச்சிட்டாங்க சார்" என்று மெல்லிய குரலில் சொன்னார். உள்ளே உங்கள் மகள் அழுதுகொண்டிருந்தாள். உங்கள் உடம்பு பத்தடி தூரத்தில் கிடந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன பயம் இருந்திருக்க முடியும்? ரிட்டையர் ஆகிவிட்டேன், தலைவரும் மாறிவிட்டார், கேட்பார் இல்லை. அப்போதும் "ம்" என்றேன், அக்கா. அந்த "ம்" மட்டும் என்னைத் தூங்கவிடுவதில்லை என்று எழுத வந்தேன். அதுவும் பொய். நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

இன்று காலை ஏழுமலையைத் தேடிப் போனேன். நிலத்தை விற்ற பிறகு மெயின் ரோட்டில் வாட்டர் கேன் கடை வைத்திருக்கிறார். வண்டியிலிருந்து கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், ஒன்று விடாமல். வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கியது, நீங்கள் கதவை மாற்றித் தரச் சொன்னது, தீர்மானத்தை எழுதிய கை என்னுடையது என்பது, அதிகாரி முன்னால் நான் சொன்னது.

அவர் கேனைக் கீழே வைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"இன்னா சார் நீங்க" என்றார். "அன்னிக்கி அவ்ளோ பெரிய ஆபீசர் கேக்கறாரு. புக்ல கீறதுதான் நடந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க எல்லார் காதுலயும் விழுந்துச்சே."

"அது பொய் ஏழுமலை."

அவர் சிரித்துவிட்டார். கோபச் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு. "புரியுது சார். செத்துப் போனவங்க பேரு கெட்டுக் கிடக்கக் கூடாதுன்னு உங்க தலையில இழுத்துப் போட்டுக்கறீங்க. இந்த மனசு யாருக்கு வரும்? விடுங்க, எப்பவோ நடந்தது. நானும் இனிமே அந்தம்மாவப் பத்திப் பேசல, போதுமா?"

மறுபடியும் சொன்னேன். என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்து, ஸ்டூலை இழுத்து உட்காரவைத்தார். கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம், "எங்க ஊரு பழைய கிளார்க்கு சார். இவர மாரி ஒரு நல்ல மனுஷன பாக்க முடியாது" என்று அறிமுகம் செய்தார். அந்தப் பெண் எனக்கு வணக்கம் சொன்னார். அன்று நான் சொன்ன பொய் இன்னும் அவ்வளவு கெட்டியாக இருக்கிறது, அக்கா. அதைக் கட்டியவனாலேயே இடிக்க முடியவில்லை. உங்களிடமிருந்து எடுத்த நல்ல பெயர் இத்தனை வருடமாக என் மேல்தான் இருக்கிறது. கழற்றிக் கொடுக்கப் போனால் இன்னும் இறுக்கிக் கட்டி அனுப்புகிறார்கள். இதைத் தூக்கிக்கொண்டுதான் இனி நடக்க வேண்டும்.

கிளம்பும்போது ஏழுமலை, "வெயில்ல வந்துகீறீங்க" என்று ஒரு பன்னீர் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். தாகமாக இருந்தது. முழுவதும் குடித்துவிட்டேன்.